லயத்து அடுப்புக்கு மீன் டாக்கோ ஏன் ஆகாது?

மீன் டாக்கோ மலைநாட்டு வீட்டுக்கு ஒத்துவராது என்பது இங்கே ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. நோட்டன் பிரிட்ஜ் கடைவீதியில் கேட்டாலும் ஹட்டன் பஸ் நிலையத்தில் கேட்டாலும் ஒரே பதில்தான். கொழும்பில் வேலை பார்த்துவிட்டு லீவுக்குத் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். சுற்றுலா பங்களாக்களின் மேசையில் அது இருக்கட்டும், லயத்து அடுப்பில் அதற்கு வேலை இல்லை என்கிறார்கள். அந்தப் பண்டத்தில் என்னதான் இருக்கிறது? மெல்லிய ரொட்டி, பொரித்த மீன், நறுக்கிய கோவா. அவற்றின் மேலே பழத்தையும் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் தேசிக்காய்ப் புளியில் கலந்த சல்சா. மடித்துக் கையால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இது மெக்சிகோக்காரர் சாப்பாடு, நம் நாக்குக்குப் பழக்கமில்லாதது. மீனும் பழமும் சேர்ந்தால் உடம்புக்கு ஆகாது. மலையில் நல்ல மீன் இல்லை. நீர்த்தேக்க மீனில் சேற்று வாடையும் ஊர்க்கழிவும்தான் உண்டு. டாக்கோவுக்குச் சோளமாவு ரொட்டி வேண்டும், அந்த மாவு இங்கே கிடைக்காது. ரொட்டியும் சம்பலும் தலைமுறைகளை வளர்த்திருக்கிறது, அதுவே போதும். கடைசியாக, எல்லாவற்றிலும் கனமான வாதம்: சம்பளம் போதாத குடும்பத்துக்குச் சமையல் குறிப்புச் சொல்வது அநியாயம். ஆக ஆறு வாதங்கள். முதல் ஐந்தும் நிற்காது. ஆறாவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையிலிருந்து இவர்கள் வந்துசேரும் முடிவு தவறானது.

1. வெளிநாட்டுச் சாப்பாடு என்றால், நம் தட்டில் உள்நாட்டுப் பொருள் எது?

சம்பலில் இருக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தக்காளியும் அன்னாசியும் பப்பாளியும் கொய்யாவும் அங்கிருந்து வந்தவையே. போர்த்துக்கேயர் கப்பல் ஓட்டிய காலத்துக்கு முன் இலங்கையில் ஒருவரும் மிளகாயைக் கண்டதில்லை. அதை விலக்கிவிட்டு எந்தச் சம்பலை நம் சம்பல் என்று சொல்லப் போகிறோம்?

கோதுமை ரொட்டியையே எடுத்துக்கொள்வோம். மலையகத்தின் அடையாளம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்த ரொட்டி நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து மூட்டையில் கட்டிவந்ததில்லை. அவர்கள் அரிசியும் கேழ்வரகும் சாப்பிட்டவர்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் வசம் போனதும் இலங்கைக்கு அரிசி வரத்து அறுந்தது. பங்கீட்டு முறையில் கோதுமை மாவு வீடுகளுக்குள் வந்தது. போர் முடிந்த பிறகும் மாவு போகவில்லை; 1980இல் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கியபின் அது இன்னும் ஊன்றியது. இறக்குமதியான தானியத்தை ஒரு தலைமுறைக்குள் சொந்தமாக்கிக்கொண்ட மக்கள் நாம். அதே ரொட்டியை மெல்லிசாக்கி மடிப்பது மட்டும் அந்நியமாகிவிடுமா?

பழச் சல்சாவின் நாயகமான மாம்பழம் எங்கிருந்து போனது? நம் பக்கத்திலிருந்துதான். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் இடையில் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. ஆசியப் பொருள்கள் அந்த வழியில் அங்கே போய்ச் சேர்ந்தன. மிளகாய் இங்கே வந்தது, மாங்காய் அங்கே போனது. பொரித்த மீன் டாக்கோவும் தொன்மையான பண்டம் இல்லை. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாக் கரையில், என்செனாடா போன்ற மீன்பிடி ஊர்களின் தெருக்கடைகளில் கடந்த நூற்றாண்டில் உருவானது. ரால்ஃப் ரூபியோ என்பவர் அமெரிக்காவின் சான் டியேகோவில் 1983இல் கடை திறந்து விற்ற பிறகுதான் எல்லைக்கு அந்தப் பக்கம் பரவலாகப் பேர் பெற்றது. பங்களா மேசைக்குப் பிறந்த சாப்பாடு என்பது பிழையான தகவல். உழைக்கிறவர்கள் தெருவில் நின்றபடி சாப்பிட்டது அது.

2. மீனும் பழமும் சேராது என்றால், மீன் குழம்புக்குள் புளி எப்படி வந்தது?

புளி ஒரு பழம். கொறக்கா ஒரு பழம். தேசிக்காய் ஒரு பழம். கிழக்கிலும் தமிழ்நாட்டிலும் மாங்காய் போட்டு மீன் குழம்பு வைக்கிறார்கள். சிங்கள வீடுகளின் அம்புல் தியல் கொறக்காவின் புளிப்பில் நிற்கிறது. அந்தப் புளிப்புத்தான் மீனைக் கெடாமல் வைத்திருக்கிறது. பழத்தின் புளிப்பு இல்லாத மீன் சமையலைத் தென்னாசியக் கரைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிவனொளிபாத மலைக்குப் போகிற வழியிலும் ஹட்டன் பஸ் நிலையத்திலும் அன்னாசி, மாங்காய், அம்பரெல்லாவில் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு அச்சாறு விற்கிறார்களே, அதில் வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் சேர்த்தால் பழச் சல்சா வந்துவிட்டது. நாம் இதுவரை அதை மீனுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீனும் பழமும் சாப்பிட்ட ஒருவருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலை வலித்ததை ஊரில் யாரோ பார்த்திருப்பார்கள். ஆனால் அங்கே குற்றவாளி பழம் இல்லை. சூரை, கெலவல்லா போன்ற கடல் மீன்களை ஐஸ் போதாமல் வைத்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை போலவே தோலில் தடிப்பு வரும். கூடச் சாப்பிட்ட அன்னாசியின் மேல் பழி விழுகிறது. மீனை வெயிலில் வைத்திருந்தவர் தப்பித்துக்கொள்கிறார். இந்தக் கோளாறு சூரை இன மீன்களோடும் கானாங்கெளுத்தி இன மீன்களோடும் வருவது. திலாப்பியா போன்ற நன்னீர் மீனில் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருப்பது உண்மை. அதனால் மீனைப் பச்சை அன்னாசியோடு நெடுநேரம் ஊறவைத்தால் குழைந்துபோகும். பொரித்த மீனின் மேல் சாப்பிடும் நேரத்தில் சல்சா போட்டால் அந்தச் சிக்கலே இல்லை. கர்ப்பிணிகள் பால் வடியும் பப்பாளிக்காயைத் தவிர்ப்பது நியாயம். அவர்களுக்குக் கொய்யாவோ மாம்பழமோ போடலாம். மழைக்காலத்தில் பழம் சளி கொண்டுவரும் என்கிறார்கள். சளியைக் கொண்டுவருவது கிருமி. காற்று வராத ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுப்பதுதான் அதைப் பரப்புகிறது. நியாயமாகக் கோபப்பட வேண்டிய இடம் அந்த அறை.

3. மலையில் மீன் இல்லை என்று சொல்கிறவர் எந்த மலையைப் பார்த்துச் சொல்கிறார்?

நோட்டன் பிரிட்ஜைச் சுற்றிப் பார்த்தால் எங்கும் தண்ணீர். கெஹெல்கமு ஓயாவைக் காசல்ரீயில் மறித்தார்கள், கீழே நோட்டனிலும் மறித்தார்கள். மஸ்கெலி ஓயாவை மவுசாகலையில் மறித்தபோது பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. தண்ணீர் வற்றும் காலத்தில் அதன் கோயில் இன்றும் வெளியே தெரிகிறது. லக்சபான 1950இல் மின்சாரம் தரத் தொடங்கியது. நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையம் 1965இல் வந்தது. இந்த நீர்த்தேக்கங்களால் நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது. கரையில் வாழும் நமக்கு அவற்றிலிருந்து கிடைக்கக்கூடியது மீன். அதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

திலாப்பியாவை இலங்கைக்கு 1952இல் கொண்டுவந்தார்கள். அது நாட்டின் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் தானே பெருகி, உள்நாட்டு மீன்பிடியின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. 1990இல் அரசு இந்தத் துறைக்கான ஆதரவை நிறுத்தியது. நான்கு ஆண்டுக்குப் பிறகு மீண்டும் தொடங்கி, 1998இல் சட்டம் இயற்றித் தனி அதிகாரசபையே அமைத்தது. சோறுண்ணும் நாடு குளத்து மீனை இவ்வளவு மதிக்கும்போது, நீர்த்தேக்கக் கரையில் குடியிருக்கும் நாம் நெடுந்தூரம் தாண்டிக் கொழும்புப் பக்கமிருந்து லொறியில் ஏறி வரும் மீனையும், அதுவும் இல்லாத நாளில் டின் மீனையும் உயர்வாக நினைக்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார் நுவரெலியா ஓடைகளில் டிரவுட் மீனை விட்டு வளர்த்துப் பிடித்துச் சாப்பிட்டார்கள். துரை சாப்பிட்டால் மலை மீன் கௌரவம், தொழிலாளி சாப்பிட்டால் சேற்று மீனா? இந்தத் தரவரிசை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதை நாமே இன்னும் சுமந்துகொண்டிருப்பதுதான் வலிக்கிறது.

சேற்று வாடை உண்மைதான். அதற்குக் காரணம் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். அது தோலிலும் கொழுப்பிலும் தங்குகிறது. புளிப்புப் பட்டால் சிதைகிறது. பழம் போட்ட புளிப்புச் சல்சா இந்த மீனுக்கென்றே வாய்த்தது. கழிவு கலக்கிறது என்ற குற்றச்சாட்டும் கனமானது. மீனை நன்றாகக் கழுவி, குடலை முழுக்க எடுத்து, உள்ளே வேகும்வரை பொரித்தே சாப்பிட வேண்டும். ஆனால் இந்த இரண்டு ஓயாக்களும் சேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. அந்தக் கங்கையின் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. நீர்த்தேக்கம் அழுக்கானால் அதைச் சுத்தமாக வைக்கச் சொல்லிப் பிரதேச சபையைக் கேட்க வேண்டும். மீனைக் கைவிட்டால் அந்தக் கேள்வி கேட்க ஒரு ஆளும் மிஞ்சமாட்டார்.

4. சோளமாவு இல்லையென்றால் டாக்கோ இல்லை என்ற விதியை யார் எழுதியது?

மெக்சிகோவின் வடக்கில் கோதுமை மாவு டோர்ட்டியா அன்றாடச் சாப்பாடு. ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமையை அங்குள்ளவர்கள் தங்கள் ரொட்டியாக்கிக்கொண்டார்கள். நம் வீட்டு மாவு அந்த வேலைக்கு முழுத் தகுதி உள்ளது. தடையாக இருப்பது மாவு அல்ல, நம் ரொட்டியின் தடிமன். தேங்காய்ப்பூ போட்டுத் தடியாகத் தட்டிய ரொட்டி மடிக்கும்போது உடையும். மாவில் உப்பும் இரண்டு கரண்டி எண்ணெயும் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மென்மையாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்தால் இழுத்த இழுப்புக்கு வரும். போத்தலால் உருட்டி மெல்லிசாக்கி, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் இரு பக்கமும் கொப்புளம் எழும்பும்வரை மட்டும் விட்டு எடுக்க வேண்டும். எடுத்ததைத் துணியில் சுற்றி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியிலேயே மிருதுவாகி மடிப்புக்கு வரும். துணியில் சுற்றாமல் விட்டால் அப்பளம்தான்.

மீனில் கவனம் வேண்டியது மூன்று இடங்களில். திலாப்பியாவின் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்பு ஜவ்வைச் சுரண்டி எடுக்க வேண்டும். வாடையும் கசப்பும் அதில்தான். முதுகு முள்ளை ஒட்டிக் கத்தியைப் படுக்கவைத்து இரு பக்கத்துச் சதையையும் தனியே எடுத்து, தோலை உரிக்க வேண்டும். சதையின் தலைப்பக்கத்தில் நடுவே ஒரு வரிசைச் சிறு முள் ஓடும். விரலால் தடவினால் தெரியும், இரு பக்கமும் கீறி அந்தக் கீற்றை நீக்கிவிட்டால் சின்னப் பிள்ளைக்கும் பயமின்றிக் கொடுக்கலாம். பிறகு மஞ்சள், உப்பு, தேசிக்காய்ச் சாறு, மிளகாய்த்தூள், மிளகு. கால் மணி நேரத்துக்குமேல் ஊற வேண்டாம். மாவில் புரட்டிக் குறைந்த எண்ணெயில் பொரித்தால் போதும்.

சல்சாவுக்கு அரைப்பழமான அன்னாசி, அம்பரெல்லா, கொய்யா, மரத்தக்காளி எது கிடைத்தாலும் சரி. சோள விதை அளவுக்குப் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, உப்பு, தேசிக்காய் சேர்க்க வேண்டும். பழம் அதிகம் கனிந்திருந்தால் தண்ணீர் விட்டு ரொட்டியை ஊறவைத்துவிடும். மீனுக்கு அடியில் போடும் கோவா நுவரெலியா மண்ணில் விளைவது. இந்தப் பட்டியலில் கடல் கடந்து வர வேண்டியது ஏதாவது இருக்கிறதா? கோதுமை ஒன்றுதான். அதுவும் ஏற்கெனவே எல்லா வீட்டு வாளியிலும் இருக்கிறது.

5. ரொட்டியும் சம்பலும் போதும் என்பவர்கள் பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்தார்களா?

2016ஆம் ஆண்டு நாடளாவிய சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் அது 32 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. தலைமுறைகளை வளர்த்தது என்று நாம் பெருமைப்படும் சாப்பாடு பிள்ளைகளை எந்த அளவுக்கு வளர்த்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. கழிவறை, குடிதண்ணீர், தாயின் உடல்நிலை எல்லாம் சேரும். ஆனாலும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இந்த எண்ணைப் பேச முடியாது.

100 கிராம் கோதுமை மாவில் புரதம் 10 கிராம் அளவில் இருக்கிறது. அதில் வளர்ச்சிக்கு வேண்டிய லைசின் குறைவு. 100 கிராம் பச்சைத் திலாப்பியாவில் 20 கிராம் புரதம், அதில் லைசின் தாராளம். ரொட்டிக்குக் குறைவதை மீன் நிரப்புகிறது. பழம் அடுத்ததைச் செய்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு உயிர்ச்சத்து சி உண்டு. வளர்ந்த ஒருவரின் அன்றாடத் தேவையைவிட இரண்டு மடங்குக்கு மேல். தாவர உணவிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர உயிர்ச்சத்து சி துணை நிற்கிறது. தேயிலை அதற்கு நேரெதிர்: சாப்பாட்டோடு குடித்தால் இரும்பைச் சேரவிடாது. ரொட்டியோடு பிளேன்டீ குடிப்பது நம் வழக்கம். மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் இரத்தத்துக்கு இந்த வழக்கம் உதவவில்லை. தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, அந்த இடத்தில் பழத்தை வைத்தால் அதே ரொட்டி வேறு பலன் தரும்.

6. சம்பளம் போதாதவருக்குச் சமையல் சொல்லலாமா?

இந்தக் கேள்வியை மதிக்கிறேன். நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. இடையில் 2022இன் நெருக்கடியில் மாவின் விலை எங்கோ போய்விட்டது. இந்த நிலையில் யாராவது சம்பள உயர்வுக்குப் பதிலாக ஊட்டச்சத்து வகுப்பை நீட்டினால் அதை எதிர்க்கத்தான் வேண்டும். நானும் எதிர்ப்பேன்.

ஆனால் அந்த வாதத்தை இன்னும் ஓரடி நகர்த்தி, சம்பளம் கூடும்வரை ருசியைப் பற்றிப் பேசாதே என்கிறார்களே, அங்கேதான் தவறு. வறுமைப்பட்டவருக்கு வெறும் ரொட்டி போதும் என்று எண்ணியவர்கள் யார்? கூலியைக் கணக்கிட்ட கம்பெனிகள். தொழிலாளியின் வயிற்றுக்குக் குறைந்தபட்சம் என்ன போட்டால் மறுநாள் வேலைக்கு வருவார் என்பதுதான் அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கை நம் வாயால் நாமே சொல்லக் கூடாது. மீனும் பழமும் எங்கள் சாப்பாட்டின் பகுதி என்று ஊன்றி நின்றால்தான், அது அடங்கிய வாழ்க்கைச் செலவைச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க முடியும். ரொட்டியும் சம்பலும் போதும் என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கு அளவான சம்பளம்தான் கிடைக்கும்.

செலவுக் கணக்கும் எதிர்த்தரப்பு நினைப்பதுபோல் இல்லை. தேங்காய் விலை ஏறிய 2024, 2025 ஆண்டுகளில் தேங்காய்ச் சம்பலே சிக்கனமான பண்டமாக இருக்கவில்லை. டின் மீனுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு உள்ளேயுள்ள தண்ணீருக்குப் போகிறது. நீர்த்தேக்கத்தில் வலை வீசும் நம் ஊர்ப் பையனிடம் மீன் வாங்கினால் காசு பள்ளத்தாக்குக்குள்ளேயே சுற்றும். கொய்யாவும் அம்பரெல்லாவும் லயத்தைச் சுற்றி விழுந்து அழுகுகின்றன. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு குடும்பத்துக்கு இது எட்டாத சாப்பாடு இல்லை.

எட்டாததாக ஆக்கியது நம் நினைப்பு. பக்கத்தில் கிடைப்பது இழிவு, தொலைவிலிருந்து டின்னில் வருவது கௌரவம், புதிதாக ஒன்றைச் செய்தால் அது நமக்கு மிஞ்சினது என்ற நினைப்பு. அதன் விலையை நம் பிள்ளைகள் உடம்பால் கட்டுகிறார்கள். ஆகவே தோட்டப் பாடசாலைகளின் மனையியல் பாடத்தில் நீர்த்தேக்க மீனைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளை மடுவங்களில் வாரத்தில் ஒரு நாளாவது முள் நீக்கிய மீனும் பழமும் மெல்லிய ரொட்டியில் கொடுக்க வேண்டும். மீன்பிடிப்பவர்களுக்கு உரிமமும் ஐஸ் பெட்டியும் பெற்றுத் தருவதைத் தொழிற்சங்கங்கள் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சம்பளக் கோரிக்கைப் பட்டியலில் மீனும் பழமும் விலையோடு எழுதப்பட வேண்டும். மீன் டாக்கோ ஆகாது என்று இன்னும் சொல்கிறவர்கள், இந்த நான்கில் எது ஆகாது, ஏன் ஆகாது என்று சொல்லட்டும்.